மூடினால் ஏறாது

ஒரு விடுகதை போடுகிறேன், பதில் சொல் பார்க்கலாம். முகம் முழுக்க வெளிச்சம், மடி முழுக்க எழுத்து, விலாவில் இரண்டு துளை. துளையில் வாய் வைத்தவன் வயிறு நிறையும், இதன் வயிறு குறையும், ஆனாலும் ஐயோ என்று ஒரு சொல் சொல்லாது. அது என்ன? நீ என் பக்கத்தில் இருந்திருந்தால் நான் பாதி சொல்லும்போதே லேப்டாப் என்று கத்தியிருப்பாய், அமுதினி. கத்திவிட்டு, இது ரொம்ப ஈஸிப்பா, வேற போடுங்க என்று என் முழங்கையைப் பிடித்து ஆட்டியிருப்பாய். நீயோ எதிர் பெஞ்சில் உன் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருக்கிறாய், குடும்ப நீதிமன்றத்தின் இந்த நீளமான தாழ்வாரம் நமக்கு நடுவில் கிடக்கிறது, அதனால் விடுகதையை மனதுக்குள்ளேயே உனக்குப் போட்டுவிட்டுப் பதிலையும் நானே சொல்லிக்கொள்கிறேன். லேப்டாப். என்னுடைய லேப்டாப். சரி, அடுத்த கேள்வி, இது விடுகதை இல்லை, நிஜக் கேள்வி. இந்தத் துளையில் இப்போது வாய் வைத்திருப்பது யாருடைய ஃபோன்? என்னோடு ஒரே வீட்டில் இருக்க முடியாது என்று வக்கீல் வைத்து மனு போட்டிருக்கும் சுகந்தியின் ஃபோன். இன்றைக்கு நீதிபதி அம்மா உன்னைத் தன் அறைக்குள் தனியாகக் கூப்பிட்டு, யாரோடு இருக்க விரும்புகிறாய் என்று கேட்கப் போகிறார். நீ என்ன சொல்கிறாயோ அதைப் பார்த்துத்தான் தீர்ப்பு எழுதுவார்கள் என்று வக்கீல் சொல்லிவிட்டார். அப்படிப்பட்ட நாளில், உன்னை என்னிடமிருந்து கேட்கிறவளின் ஃபோன் என் மடிமேல் படுத்துக்கொண்டு என் பேட்டரியைக் குடிக்கிறது. நியாயமா இது?

கொண்டுவந்தது நீதான். ஒரு கையில் ஃபோன், மறு கையில் அந்த வெள்ளை ஒயர், அதன் கழுத்து பிய்ந்துபோன இடத்தில் ரப்பர் பேண்டு சுற்றியிருக்கிறது. அப்பா, அம்மா ஃபோன் சாகப் போகுது, கொஞ்சம் சார்ஜ் போட்டுக்கலாமா என்றாய். அம்மா கேட்கச் சொன்னாங்களா என்றேன். இல்லப்பா, நானேதான் என்றாய். அந்த இடத்தில் என் மனது மாட்டிக்கொண்டது, இன்னும் கழலவில்லை. நீயேதான் என்றால் எதற்கு? அவளுடைய வக்கீலம்மா வேறொரு கட்டிடத்தில் இருக்கிறாராம், ஃபோனில்தான் கூப்பிடுவாராம், ஃபோன் செத்துவிட்டால் அம்மா தவித்துப் போவாளாம். அவளுக்காக நீ தவிக்கிறாய். சரி, அவள்தான் அனுப்பினாள், நீ மறைக்கிறாய் என்றால்? ஒன்பது வயதுப் பிள்ளையைத் தூது அனுப்புகிறவள் எப்படிப்பட்டவள்? இரண்டில் எது உண்மையாக இருந்தாலும் எனக்கு வலிக்கிறது, இரண்டில் எது குறைவாக வலிக்கும் என்று பார்த்துக்கொண்டிருக்கும்போதே என் கை ஒயரை வாங்கிச் செருகிவிட்டது. அந்தக் கைமேல்தான் எனக்கு முதல் கோபம். பத்து வருடம் செய்த வேலையை என்னைக் கேட்காமல் செய்துவிட்டது. சுவரில் ஒரு பிளக் பாயிண்ட் இருக்கத்தான் இருக்கிறது, அதன் வாயில் குறுக்கும் நெடுக்குமாகப் பழுப்பு டேப் ஒட்டியிருக்கிறது. அது திறந்திருந்தால் இந்தப் பேச்சே வந்திருக்காது.

பொறுமையாகச் சொல்கிறேன், நீயாவது புரிந்துகொள். லேப்டாப் சார்ஜர் இல்லை. சுவரில் மாட்டும் சார்ஜர் ஆறு என்றால் இந்தத் துளை ஒரு சின்னக் குழாய், அதுவும் ஆற்றிலிருந்து வரும் குழாய் இல்லை, ஒரு குடத்திலிருந்து வரும் குழாய். குடம் என்றால் லேப்டாப்பின் பேட்டரி. ஃபோன் அதில் குடிக்கக் குடிக்கக் குடம் காலியாகும், ஃபோனும் சீக்கிரம் நிரம்பாது. மவுஸ், பென்டிரைவ் மாதிரி சின்னச் சாமான்களுக்காக வைத்த வழி அது. யாரும் இதை ஒத்துக்கொள்வதில்லை. எல்லோரும் சொல்லும் வார்த்தை, கொஞ்சம். கொஞ்சம் போட்டுக்கறேன் சார். கொஞ்ச நேரம்தான். இந்த ஊரில் ரயிலில் லேப்டாப்பைத் திறந்தால் போதும், எதிர் சீட்டு, மேல் பெர்த்து, கழிப்பறைக்குப் போய்த் திரும்புகிறவர் என்று எல்லோர் கையிலும் ஒரு ஒயர் முளைக்கும். இல்லை என்று ஒருவரிடமாவது சொல்லியிருக்கிறேனா? தண்ணீர் கேட்டால் கொடுப்பது மாதிரி கொடுத்தே பழகிவிட்டோம். ஆனால் இது அலுவலகத்து லேப்டாப், எனக்கு இன்றைக்கு லீவு கூட இல்லை, எங்கே உட்கார்ந்தாவது வேலையை முடித்து அனுப்பிவிடு என்று மேனேஜர் பெரிய மனது பண்ணியிருக்கிறார். மென்பொருளில் எங்கே தப்பு இருக்கிறது என்று தேடிச் சொல்வது என் வேலை. ஒரு சோதனையை ஓட விட்டிருக்கிறேன், அது முடிகிறவரை பேட்டரி தாங்க வேண்டும். அவள் ஃபோனைச் செருகியதும் திரையின் மூலையில் ஒரு கட்டம் குதித்து வந்தது, அறியாத சாதனம் இணைக்கப்பட்டுள்ளது, பாதுகாப்புப் பிரிவுக்குத் தகவல் அனுப்பப்பட்டது என்று. நன்றாக இருக்கிறது கதை. நாளைக்கு யாரோ ஒரு பையன் ஃபோன் பண்ணி, சார் அந்த டிவைஸ் யாருடையது என்று கேட்பான். நான் என்ன சொல்ல? மனைவியுடையது என்றா? கட்டத்துக்குக் கீழே அந்த ஃபோனின் பெயரும் வந்தது. அமுது அம்மா. நான் வைத்த பெயர். ஃபோன் வாங்கின அன்றைக்கு, அவள் சமையலறையில் இருந்தபோது நானே எல்லாவற்றையும் அமைத்து, பெயர் கேட்டதற்கு இப்படி அடித்துக் கொடுத்தேன். வீட்டை மாற்றினாள், பாங்குக் கணக்கை மாற்றினாள், இந்தப் பெயரை மாற்றவில்லை. மாற்ற வேண்டாம் என்று நினைத்தாளா, மாற்றலாம் என்றே அவளுக்குத் தெரியாதா? தெரிந்திருக்காது. அதுவும் நானே செய்து கொடுக்க வேண்டும்.

ஒரு நாளாவது தன் ஃபோனுக்குத் தானே சார்ஜ் போட்டிருப்பாளா? நீதிபதி என்னைக் கேட்டால் இதைத்தான் சொல்வேன், கேட்க மாட்டார், கொடுமை, வாக்குவாதம், அலட்சியம் என்று பெரிய பெரிய சொற்களைத்தான் கேட்பார். பல் கிளினிக்கில் வரவேற்பு மேசை வேலை, நாள் முழுக்க அந்த ஃபோனில்தான் நோயாளிகளுக்கு நேரம் கொடுப்பாள், மாற்றுவாள், சாயங்காலம் வீட்டுக்குள் நுழையும்போது பேட்டரியில் சிவப்புக் கோடு. நேராக வந்து என் லேப்டாப்பின் விலாவில் செருகுவாள். படுக்கையறையில் சார்ஜர் சும்மா தொங்கும். அங்க போட்டா மறந்துடுவேன் திரு, உங்க பக்கத்துல இருந்தா நீங்க பார்த்துப்பீங்க என்பாள். நானும் பார்த்துக்கொண்டேன். நூறு ஆனதும் பிடுங்கி மேசைமேல் வைப்பேன். நல்ல காரியம் செய்கிறோம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மனுவில் என்ன எழுதியிருக்கிறாள் தெரியுமா? கணவர் வீட்டில் இருக்கும் நேரமெல்லாம் லேப்டாப்பையே பார்த்துக்கொண்டிருப்பார், பேச்சுக்குப் பதில் சொல்ல மாட்டார். பார்த்துக்கொண்டிருந்தது அவள் ஃபோனையும் சேர்த்துத்தானே! பேச வேண்டியிருந்தால் பேசியிருக்கலாமே. ஒயரைச் செருகும்போது கொஞ்ச நேரம் பக்கத்தில் நிற்பாள். அது உண்மை. நின்றுவிட்டுப் போய்விடுவாள். எதற்கு நின்றாள் என்று நான் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை, சொல்லாததற்கெல்லாம் நான் எப்படிப் பொறுப்பு?

என் பெஞ்சில் ஆரஞ்சுச் சேலை கட்டிய ஒரு அம்மா உட்கார்ந்திருக்கிறார். மகள் வழக்குக்கு வந்திருக்கிறாராம், மகள் வக்கீலோடு உள்ளே நிற்கிறாளாம். நீ ஒயரைக் கொடுத்துவிட்டுப் போனதிலிருந்து என்னையும் எதிர் பெஞ்சையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தவர் கடைசியில் வாயைத் திறந்தார். ஏன் தம்பி, அது பொண்டாட்டி ஃபோனா? ஆமாம்மா என்றேன். பொண்டாட்டி ஃபோனுக்கு சார்ஜ் போடற ஆம்பளை எதுக்கு கோர்ட்டுக்கு வந்தீங்க? எங்க மருமகன் ஃபோனைத் தூக்கிச் செவுத்துல அடிச்சவன், அவனுக்கு இது தெரிஞ்சா மயக்கம் போட்டுடுவான் என்று சிரித்தார். சிரித்துவிட்டுத் தன் பையைக் கிண்டி ஒரு சின்ன ஃபோனை எடுத்தார். இன்னொரு ஓட்டை சும்மாதானே இருக்கு, இதையும் கொஞ்சம் மாட்டி விடுங்களேன். கொஞ்சம்! மாட்டிவிட்டேன். திரையின் மூலையில் மறுபடியும் கட்டம் குதித்தது, மறுபடியும் பாதுகாப்புப் பிரிவுக்குத் தகவல் போனது. உன் அம்மா எதிரிலிருந்து இதைப் பார்த்து உதட்டைக் கடித்துக்கொண்டாள். சிரிப்பை அடக்கும்போது அப்படித்தான் செய்வாள். இதில் சிரிக்க என்ன இருக்கிறது? யார் கேட்டாலும் இல்லை என்று சொல்ல மாட்டார், வீட்டில் இருக்கிறவர்களை மட்டும் கண்டுகொள்ள மாட்டார் என்று அவள் எத்தனையோ தடவை சொன்னதை இப்போது வாயைத் திறக்காமலே சொல்கிறாள். எனக்குக் காது சுடுகிறது.

நல்லவேளை, சோதனை முடிந்துவிட்டது. முடிவை அனுப்பியாயிற்று. குடத்தில் பாதிக்குமேல் மீதி இருக்கிறது, இனி எனக்கு இந்த லேப்டாப்பால் ஆக வேண்டியது ஒன்றும் இல்லை. அவள் தாராளமாகக் குடிக்கட்டும், வக்கீலம்மா கூப்பிடட்டும், நான் பெரிய மனிதனாகவே இருந்துவிட்டுப் போகிறேன் என்று நினைத்தேன், நிஜமாகவே நினைத்தேன் அமுதினி. அந்த நேரம் பார்த்து அவள் ஃபோன் வெளிச்சம் போட்டது. நான் எட்டிப் பார்க்கவில்லை. அது என் மடியில் இருக்கிறது, என் கண் என் மடியில் இருக்கிறது. ரமணன் அண்ணா என்று மேலே. உன் மாமா. கீழே ஒரு வரி. பாப்பாகிட்ட என்ன சொல்லணும்னு சொல்லிக் கொடுத்துட்டியா? வெளிச்சம் அணைந்தது. ஆக, பாடம் நடக்கிறது. எதிர் பெஞ்சில் உட்கார்ந்து உன் தலையைக் கோதிக்கொண்டே பாடம் நடத்துகிறாள். நீ காலை ஆட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டிருக்கிறாய். நான்? நான் அவள் ஃபோனுக்குப் பாலூட்டிக்கொண்டிருக்கிறேன். நான் உனக்கு ஏதாவது சொல்லிக் கொடுத்தேனா? போன ஞாயிற்றுக்கிழமை ஸ்கேட்டிங் ஷூ வாங்கித் தருகிறேன் என்றேன், அது வாக்குறுதி, பாடம் இல்லை. என்னோடு இருந்தால் பால்கனியில் பூனை வளர்க்கலாம் என்றேன், அது தகவல். இப்போது நீ வாரம் முழுக்க அவளோடுதான் இருக்கிறாய், சனிக்கிழமை சாயங்காலம் வந்து இரவு தங்கி ஞாயிறு போகிறாய். அதைத் திருப்பிப் போடுங்கள் என்றுதான் நான் கேட்டிருக்கிறேன். அப்படிக் கேட்கிற அப்பா ஒரு பூனையைப் பற்றிக்கூடப் பேசக் கூடாதா?

லேப்டாப்பை மூடினேன். பட்டென்று மூடவில்லை. வேலை முடிந்தவன் மூடுவது போல, இரண்டு கையாலும், மெதுவாக. ஒயர்கள் செருகினபடியே இருந்தன. யார் பார்த்தாலும் சார்ஜ் ஏறிக்கொண்டிருப்பதாகத்தான் நினைப்பார்கள். ஆனால் என் லேப்டாப்பை மூடினால் அது தூங்கிவிடும், தூங்கினால் விலாவிலிருக்கிற துளைகளுக்கு மின்சாரம் வராது. சில லேப்டாப்பில் வரும், இதில் வராது. நான் எதையும் பிடுங்கவில்லை. எதையும் மறுக்கவில்லை. வேலை முடிந்தால் மூடக் கூடாது என்று சட்டம் இருக்கிறதா? எதிர் பெஞ்சில் சுகந்தி தன் பையில் எதையோ தேடிக்கொண்டிருந்தாள், அவளுக்கு இதெல்லாம் தெரியாது, தெரிந்துகொள்ளவும் மாட்டாள். மனதுக்குள் ஒரு குளிர்ந்த சந்தோஷம் வந்தது. கூடவே ஒரு பயமும் வந்தது, கோர்ட்டுக்குள் வந்த நேரத்திலிருந்து என்னை விடாத அதே பயம், நீ உள்ளே போய்த் தலையைக் குனிந்துகொண்டு அவள் பெயரைச் சொல்வது போல ஒரு காட்சி. அது வரும்போதெல்லாம் நான் வேறு எதையாவது நினைக்கிறேன். ஷூவின் அளவு. பூனையின் நிறம். மூடியின்மேல் என் விரல் தடங்கள். துணியால் துடைத்தேன்.

நீ வந்தாய். ஃபோனை எடுத்துப் பார்த்தாய். பதினாறா? அப்பவே பதினேழு இருந்துச்சே என்றாய். சார்ஜ் ஏறுதும்மா, பழைய ஒயர் இல்லையா, மெதுவாத்தான் ஏறும் என்றேன். நீ ஃபோனைப் பார்த்தாய், ஒயரைப் பிடித்துக்கொண்டே போய் அது முடிகிற இடத்தைப் பார்த்தாய், மூடியைப் பார்த்தாய். மூடினா ஏறாதுப்பா என்றாய். சத்தமே இல்லை, பள்ளிக்கூடத்தில் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்வது போல. உன் டேப்லட் ஒரு தடவை இப்படியே செத்துக் கிடந்தபோது உன்னை மடியில் உட்கார வைத்து, குடம், குழாய், தூக்கம் என்று எல்லாவற்றையும் விளக்கினவன் நான். அடடா, மறந்துட்டேன் பாப்பா என்றேன். அந்த நேரம் பார்த்து ஃபோன் மறுபடி வெளிச்சம் போட்டது, நீ வாசித்துவிட்டுத் தோளைக் குலுக்கினாய். மாமாதான். காலையிலேருந்து இதையே கேட்டுட்டு இருக்கார், அம்மா ஒண்ணுமே சொல்லித் தர மாட்டேங்கறாங்க, உனக்கு எது தோணுதோ அதைச் சொல்லுன்னுட்டாங்க என்றாய். பார்த்தாயா, இதுவும் ஒரு தந்திரம்தான். ஒன்றும் சொல்லித் தராமல் இருப்பதுதான் இருக்கிறதிலேயே பெரிய தந்திரம், எனக்கு அது தோன்றவில்லையே என்று ஒரு கணம் பொறாமையாக இருந்தது. அடுத்த கணம், இல்லை, அது தந்திரமாக இல்லாமலும் இருக்கலாம் என்று தோன்றியது, அது இன்னும் எரிச்சலாக இருந்தது. லேப்டாப்பைத் திறந்தேன். திரை விழித்துக் கடவுச்சொல் கேட்டது, என் விரல் தப்பாக அடித்தது, மறுபடியும் தப்பாக அடித்தது. வேணாம்ப்பா, விடுங்க என்று சொல்லிவிட்டு நீ ஒயரைக் கழற்றி விரலில் சுற்ற ஆரம்பித்தாய். ஆரஞ்சுச் சேலை அம்மா தன் ஃபோனைப் பிடுங்கிப் பார்த்தார். என்னது தம்பி, நான் குடுத்தப்ப இருந்ததைவிடக் கம்மியா இருக்கு, உங்க மிஷினு குடுக்குதா, எடுக்குதா?

சுவரோரம் நின்றிருந்த டவாலி, வெள்ளை உடையும் குறுக்குப் பட்டையுமாக, நம் பெயர்களை இழுத்துக் கூப்பிட்டார். திருமுருகன், சுகந்தி, குழந்தையை மட்டும் அனுப்புங்க. நீ முதலில் எதிர் பெஞ்சுக்குப் போனாய். ஃபோனைக் கொடுத்தாய், ஏதோ சொன்னாய். என்ன சொன்னாய்? உதடு அசைந்தது மட்டும் தெரிந்தது. அப்பா மூடிட்டார் என்றா? ஒயர் பழசு என்றா? சுகந்தி ஃபோனை வாங்கிப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும், பதிலுக்கு நானும் முறைத்திருப்பேன். அவள் வெறுமனே தலையை ஆட்டினாள், நன்றி சொல்வதைப் போல. காட்டிக் கொடுக்கவில்லை நீ. அல்லது காட்டிக் கொடுத்தும், அவளுக்கு அது பழகின விஷயமாக இருந்திருக்க வேண்டும். என்னிடம் ஓடி வந்து, உள்ளே போயிட்டு வரேன்ப்பா என்பாய் என்று எழுந்து நின்றேன். நீ அங்கிருந்தே கையை ஆட்டிவிட்டு டவாலியின் பின்னால் போனாய். கதவில் பச்சைத் திரைச்சீலை. அது ஆடி நின்றது.

இப்போது என்ன கேட்பார்? பெயர், வகுப்பு, பிடித்த பாடம். அப்புறம் அப்பா எப்படி, அம்மா எப்படி. ஒரு மூடியை வைத்தா ஒரு மனிதனை எடைபோடுவாய்? நீ முதன்முதலில் நடந்தபோது பிடித்துக்கொண்ட கை இது. ஸ்கூல் வேனுக்கு நாள் தவறாமல் நின்ற கால் இது. பிள்ளைகளுக்கு இவ்வளவு ஞாபகசக்தி எதற்கு, யார் வளர்த்துவிட்டது? நான்தான், விடுகதை விடுகதையாகப் போட்டு. ஒரு சின்ன விஷயம், ஒரு சதவீதம், அதையெல்லாம் நீதிபதியிடம் சொல்லுகிற பிள்ளை இல்லை நீ, அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. சொல்லிவிட்டால் அது வெளியே வந்து போய்விடும். சொல்லாமல் வைத்துக்கொண்டால் வேறெதுவாகவோ மாறும், எதுவாக என்று எனக்குத் தெரியவில்லை. தப்பு எங்கே இருக்கிறது என்று தேடிச் சொல்வதற்குச் சம்பளம் வாங்குகிறவன், கேட்டால் சிரிப்பார்கள். எதிர் பெஞ்சில் அவளுடைய ஃபோன் அடிக்கிறது. எடுத்து, சொல்லுங்க மேடம் என்று ஆரம்பித்தவள், ஹலோ ஹலோ என்று பாதியில் ஃபோனைக் காதிலிருந்து எடுத்துப் பார்க்கிறாள். செத்துவிட்டதா? பதினாறு இருந்ததே. பழைய பேட்டரி, பதினாறு என்று காட்டிக்கொண்டே செத்துப்போகும், மாற்ற வேண்டும் என்று நான் அப்போதே சொன்னேன், யார் கேட்டார்கள்? அவள் எழுந்து வராந்தாவின் இரண்டு பக்கமும் பார்க்கிறாள். என் ஃபோனை நீட்டலாம். என் சட்டைப்பையில் முழு சார்ஜோடு இருக்கிறது. கை பைக்குள் போய்விட்டது. போன கை அங்கேயே நிற்கிறது. அவளே வந்து கேட்கட்டுமே. ஒரு தடவையாவது அவளே நடந்து வந்து, திரு, உங்க ஃபோனைக் கொஞ்சம் கொடுங்க என்று கேட்கட்டுமே. அவள் கேட்கவில்லை, ஆரஞ்சுச் சேலை அம்மாவிடம் போய்க் கேட்டாள், அந்த அம்மா கொடுத்தார். திரைச்சீலை அசைந்தது. நீ பேசி முடித்ததும் நீதிபதி உள்ளே கூப்பிட்டுக்கொண்ட என் வக்கீல் கையில் கோப்போடு வெளியே வந்தார், அவருக்கு முன்னால் நீ வந்தாய். வக்கீல் என்னை ஜன்னல் பக்கம் தள்ளிக்கொண்டு போய், நீதிபதி சொன்னதைத் தாழ்ந்த குரலில் சொன்னார்.

வாரம் முழுவதும் அம்மாவோடு இருப்பதாக அமுதினி சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை பகலில் அப்பா வீட்டுக்கு வருவதாகவும், இரவு தங்க வேண்டாம் என்றும் சொன்னாள்.